ரொபோவுக்கு முதல் மடியைப் பாருங்கோ

பால் கறக்கிற ரொபோ காம்பைப் பிடிக்கத் தடுமாறினால், எல்லாரும் முதலில் பார்ப்பது அதன் கையையும் கமெராவையும்தான். டென்மார்க்கில் யூட்லாந்துப் பக்கம் ரொபோ பூட்டிய பண்ணைகளில் பல வருசம் வேலை செய்தவன் நான். அங்கே பெரும்பாலும் பிழை இருந்த இடங்கள் வேறு: மடியின் வடிவம், மடியில் வளர்ந்த மயிர், மாடு நின்ற நிலை, அதைக் கடைசியாகக் கறந்த நேரம், கொட்டிலுக்குள் சரிந்து விழுந்த வெயில். ஊருக்குத் திரும்பி, கிளிநொச்சிப் பக்கத்து வட்டக்கச்சியில் கலப்பின மாடுகள் வைத்து, பாலை உறிஞ்சி வாளிக்குள் சேர்க்கிற வாளி மெசினால் கறக்கத் தொடங்கிய பிறகும் அதே காரணங்களைத்தான் ஒவ்வொன்றாகச் சந்திக்கிறேன். வன்னியில் ரொபோ கறக்கிற கொட்டில் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் ரொபோவைச் சரியாக வேலை செய்ய வைக்கும் அறிவு, நாலு மாடு வைத்திருக்கிற எங்கட ஆக்களுக்கும் அப்படியே உதவும்.

இதை எழுதத் தூண்டியவர் கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கிற ஒரு தம்பி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அங்கேதான் இருக்கின்றன. கொட்டிலைப் பார்க்க வந்தவர், மெசினை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அண்ணை, நல்ல கமெரா ஒண்டும் நல்ல புரோகிராமும் இருந்தா, காம்பைத் தேடிப் பிடிக்கிற கை ஒண்டை நாங்களே செய்யலாம்தானே?” செய்யலாம் என்றுதான் சொன்னேன். அந்த ஆர்வத்தை நான் உண்மையாகவே மதிக்கிறேன். ஆனால் கையைச் செய்ய முதல் தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன. அன்று பின்னேரம் அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பால் கறக்கிற ரொபோ, 1992இல் நெதர்லாந்தில் வணிகப் பண்ணைகளுக்கு வந்த தொழில்நுட்பம். மாட்டை யாரும் பிடித்துக் கட்டுவதில்லை. அடர்தீனுக்கு ஆசைப்பட்டு அது தானாகவே ரொபோ பூட்டிய பெட்டிக்குள் வரும். கழுத்துப் பட்டியில் அல்லது காதில் உள்ள அடையாளத்தை வைத்து எந்த மாடு என்று ரொபோ அறிந்துகொள்ளும். தூரிகையாலோ இளஞ்சூட்டுத் தண்ணீர் ஓடும் கப்பாலோ காம்பைக் கழுவும். பிறகு லேசராலோ முப்பரிமாணக் கமெராவாலோ காம்புகளைத் தேடி, பாலை உறிஞ்சுகிற நாலு கப்பையும் ஒவ்வொன்றாகப் பூட்டும். எந்தக் காம்பில் பால் குறைகிறதோ அந்தக் கப்பை மட்டும் கழற்றும்.

ஒரு ரொபோவுக்கு ஏறத்தாழ 60 மாடுகள். ஒரு மாடு நாளுக்கு இரண்டரைத் தரம் வந்தால் 150 கறவை. ஒவ்வொன்றுக்கும் நாலு கப் என்றால் ஒரு நாளில் 600 தரம் காம்பைத் தேடிப் பூட்ட வேண்டும். 100க்கு 99 சரி என்று ஒரு கணக்கு வந்தால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மிஞ்சுகிற ஒன்று, நாளுக்கு 6 காம்பு. அந்த 6ம் 60 மாட்டுக்கும் பரவி வருவதில்லை. திரும்பத் திரும்ப அதே இரண்டு மூன்று மாடுகள், அதுவும் பெரும்பாலும் பின்காம்புகள். அந்தக் காம்பில் பால் தேங்கும், மடி கனக்கும், நோய் வரும், பிறகு அந்த மாடு பெட்டிக்குக் கிட்டவும் வராது.

அதனால் நான் வேலை செய்த கொட்டிலில் காலையில் கணினியைத் திறந்தால், மொத்தச் சதவீதம் எங்கள் கண்ணுக்குக் கடைசியாகத்தான் படும். எந்த மாடு, எந்தக் காம்பு, எத்தனையாவது முயற்சியில் பூட்டியது, உதைத்துத் தள்ளியதா என்ற பட்டியலைத்தான் முதலில் பார்ப்போம். பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த மாட்டிடம் போவோம். இங்கே என் கொட்டில் சுவரில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. கப் வழுகி விழுந்தாலோ, காற்று இழுக்கும் சீறல் கேட்டாலோ, மாட்டின் பெயரையும் காம்பையும் அதில் குறிக்கிறோம். ஒரு கிழமை குறித்தாலே போதும், எந்த மாட்டில் கை வைக்க வேண்டும் என்று பலகையே காட்டிவிடும்.

ரொபோ ஒவ்வொரு மாட்டின் காம்பும் எங்கே இருந்தது என்பதை நினைவில் வைத்திருக்கும். அடுத்த முறை அந்த இடத்தை ஒட்டித்தான் தேடத் தொடங்கும். மடியோ ஒரே மாதிரி இருப்பதில்லை. கன்று போட்ட புதிதில் நீர் கோர்த்து வீங்கிக் காம்புகள் நாலு பக்கமும் விரிந்து நிற்கும். வீக்கம் வற்ற இடம் மாறும். கறவையின் கடைசி மாதங்களில் மடி சுருங்கித் தொய்யும். போன வருசத்து இடத்தை நம்பி இந்த வருசம் தேடினால் கை வெறும் காற்றைத்தான் பிடிக்கும். அதனால் கன்று போட்ட ஒவ்வொரு மாட்டுக்கும் முதல் சில கறவைகளில் ஆள் பக்கத்தில் நின்று, காம்பின் இடத்தைப் புதிதாகக் காட்டிக்கொடுக்க வேண்டும். தலைப்பிரசவக் கிடாரிக்கு இன்னும் கூடுதல் பொறுமை வேண்டும். கன்று போட முன்பே சில கிழமை பெட்டிக்குள் விட்டுத் தீன் மட்டும் கொடுத்துப் பழக்குவது நல்ல வழி. நானும் இங்கே சினைக் கிடாரிகளை மெசின் சத்தம் கேட்கிற இடத்தில் கட்டி, மடியைத் தடவிப் பழக்குகிறேன். கன்று போட்ட பிறகு பெரிய போராட்டம் இருப்பதில்லை.

மயிர் விசயம் சின்னதாகத் தெரியும். மடியில் நீண்ட மயிர் இருந்தால் அதில் சேறும் சாணியும் ஒட்டும். கமெராவுக்குக் காம்பின் விளிம்பு தெளிவாகத் தெரியாது. கப்புக்குள் மயிர் அகப்பட்டால் காற்றுப் புகும், மாட்டுக்கும் நோகும். டென்மார்க்கில் நீண்ட பிடியுள்ள எரிவாயு விளக்கின் மெல்லிய மஞ்சள் சுவாலையை மடிக்குக் கீழே விரைவாக ஓட்டி மயிரைப் பொசுக்குவார்கள். தோல் சுடாது. வன்னியில் இதை ஒருவரும் செய்யக்கூடாது. கிடுகுக் கூரை, பக்கத்தில் வைக்கல் போர், கோடையில் சோளகக் காற்று. கத்தரிக்கோலோ மயிர் வெட்டுகிற சின்ன மெசினோ போதும். சிந்தி இன மாட்டுக் கலப்புகளுக்கு மயிர் குறைவு. ஐரோப்பிய இனமான பிரீசியன் கலப்புகளை மாரி தொடங்க முன் ஒருக்காப் பார்த்து வெட்டிவிடுவேன்.

மாரிச் சேறுதான் எங்களுக்குப் பெரிய பிரச்சினை. மடியை வாளித் தண்ணீரால் முழுதாகக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டக் கப்பைப் போடுகிற பழக்கம் பல இடத்தில் இருக்கிறது. அந்த அழுக்குத் தண்ணீர் காம்பு நுனிக்கு வடிந்து கப்புக்குள் போகும். கப்பும் வழுகும். காம்பை மட்டும் கழுவி, ஒரு மாட்டுக்கு ஒரு துணி என்று வைத்துத் துடைத்து, காய்ந்த காம்பில் பூட்டுங்கோ. துணிகளைச் சுடுதண்ணீரில் அவித்துக் காயப்போடலாம்.

ரொபோவின் கண்ணாடியும் அப்படித்தான். பால் துளி, சாணித் தெறிப்பு, இலையான் எச்சம், குளிர்காலத்தில் நீராவிப் படலம் எல்லாம் அதில் படியும். மழையில் நனைந்த மூக்குக்கண்ணாடியோடு ஊசியில் நூல் கோர்ப்பவரின் நிலைதான் அந்தக் கைக்கு. இளஞ்சூட்டுத் தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டு நாளுக்கு இரண்டு தரமாவது துடைக்க வேண்டும். சொரசொரப்பான கடதாசியால் தேய்த்தால் கீறல் விழும், கீறல் பிறகு போகாது. நேர் வெயிலும் இந்த ஒளிக்கருவிகளைக் குழப்பும். ஒரு கொட்டிலில் பின்னேரத்தில் மட்டும் பூட்டுவது பிந்திக்கொண்டே இருந்தது. சேவைக்கு வந்தவர் கையைக் கழற்றிப் பார்த்தார், மென்பொருளைப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. மேற்குப் பக்க இடைவெளியால் சரிந்து வந்த வெயில் நேரே மடியின் கீழ் விழுந்ததுதான் காரணம். ஒரு தட்டி வைத்ததும் சரிவந்தது. எங்கட வெயிலோடு ஒப்பிட்டால் அது வெயிலே இல்லை. பொறியியல் படிக்கிற தம்பிமார் இங்கே கமெரா பூட்டினால் இதை முதல் நாளே யோசிக்க வேண்டும்.

அடுத்தது இடைவெளி. அளவுக்கு மிஞ்சிப் பிந்தினால் மடி புடைத்துக் காம்புகள் வெளிப்பக்கம் தள்ளி நிற்கும், பால் தானாகச் சொட்டும். மிக முந்தினால் மடி தளர்ந்து பின்காம்புகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடக்கும். ஒட்டிக் கிடக்கிற இரண்டு காம்பை ஒரு காம்பென்று ரொபோ எடுத்துக்கொள்வதும் உண்டு. அதனால் எவ்வளவு பால் சேர்ந்த பிறகு ஒரு மாட்டை அனுமதிப்பது என்று மாட்டுக்கு மாடு வேறாக அமைப்பார்கள். கையால் கறப்பவருக்கும் மெசினால் கறப்பவருக்கும் இதில் பாடம் ஒன்றுதான்: விடிய 5 மணி என்றால் 5 மணி. ஒரு நாள் 4 மணி, மறுநாள் கலியாண வீட்டால் வந்து 8 மணி என்றால் மடிதான் அதை அனுபவிக்கும்.

சில மாடுகளை எந்த ரொபோவாலும் திருத்த முடியாது. பின்காம்புகள் பிறப்பிலேயே குறுக்காக நெருங்கி இருக்கும், அல்லது மடி நிலத்தைத் தொடுகிற அளவுக்குத் தொங்கும். டென்மார்க்கில் காளையைத் தெரிவு செய்யும்போதே மகள்மாரின் காம்பு இடைவெளி, மடியின் ஆழம் எல்லாம் பார்த்துத்தான் விந்து வாங்குவார்கள். எங்களிடம் ஊசி போட வருபவரிடம் நாங்கள் கேட்பது “பால் எவ்வளவு தரும்?” என்ற ஒரே கேள்வி. மடி எப்படி இருக்கும் என்றும் கேளுங்கோ. சிந்தி, சாகிவால் இரத்தம் எங்கட வெயிலுக்கும் உண்ணிக்கும் தாங்கும். அதை நான் விடச் சொல்லமாட்டேன். ஆனால் அவற்றில் தொங்கு மடியும் தடித்த காம்பும் அடிக்கடி வரும். பிரீசியன் காம்புக்கு அளவெடுத்த, கப்புக்குள் இருக்கிற ரப்பர் அந்தக் காம்புக்கு இறுகும். சின்னக் காம்புள்ள ஜேர்சிக் கலப்புக் கிடாரிக்கு அதே ரப்பர் தொளதொளத்து வழுகும். நாலு விதக் காம்புள்ள கொட்டிலில் ஒரு விதக் கப் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. தாய் மாடு எப்படிப்பட்ட மடியோடு இருக்கிறதென்று பார்த்துத்தான் கிடாரிக் கன்றை வளர்ப்பதா விற்பதா என்று இப்போது நான் முடிவெடுக்கிறேன்.

இனி, இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற விசயம்: சுரப்பு. காம்பைச் சரியாகப் பிடித்தாலும், மாடு சுரக்கவில்லை என்றால் மெசின் வெறும் காம்பைத்தான் உறிஞ்சும். காம்பைத் தொட்டுத் துடைக்கும்போது ஒக்சிற்றோசின் என்ற ஹோர்மோன் சுரந்து, இரத்தத்தில் மடிக்கு வந்து, பாலை இறக்க 1 முதல் 1½ நிமிடம் எடுக்கும். அதற்கு முதல் கப்பைப் பூட்டினால் கொஞ்சப் பால் வரும், பிறகு நிற்கும், பிறகு திரும்ப வரும். அந்த நின்ற நேரத்தில் காம்பு நுனி காயப்படும். நாளடைவில் நுனியில் வெள்ளை வளையமாகத் தடித்துச் சொரசொரப்பாகும். மாட்டைப் பயப்படுத்தினால் அட்ரினலின் என்ற ஹோர்மோன் வந்து சுரப்பையே தடுத்துவிடும்.

எங்கட கலப்பு மாடுகளில் பல கன்று முட்டாமல் சுரக்காது. வெளிநாட்டு மெசினோடு வருகிற புத்தகத்தில் கன்றைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. அதனால் மெசின் வாங்கியவர் கன்றைப் பிரித்துக் கட்ட, மாடு பாலை அடக்க, “மெசின் சரியில்லை” என்று அது மூலையில் கிடக்கும். நான் செய்வது இதுதான். கன்றை விட்டு, நாலு காம்பையும் முட்டவிட்டு, மடி இறுகி விறைத்ததும் கன்றைத் தாயின் முகத்துக்கு நேரே கட்டுவேன். கன்றின் எச்சில் பட்ட காம்பைத் துடைத்து, முதல் பீரைக் கறந்து பார்த்துவிட்டு உடனே பூட்டுவேன். தாய் கன்றை நக்கிக்கொண்டு நிற்கும். முடிந்த பிறகு கன்றுக்குரியது மடியில் மிஞ்சியிருக்கும்படி கொஞ்சம் முந்தியே கழற்றுவேன். புதிதாக வாங்கிய மாட்டுக்கு இது. என் கொட்டிலில் பிறந்து வளர்ந்த கிடாரிகளைக் கன்று இல்லாமலே சுரக்கப் பழக்குகிறேன். அவற்றுக்கு நேரமும் ஆளும் சத்தமும் மாறாமல் இருந்தால் போதும். பக்கத்து வளவு மாமி மாட்டோடு கதைத்துக்கொண்டே கறப்பா. அவவின் குரல் கேட்டாலே மாட்டுக்குப் பால் சொட்டும்.

உதைக்கிற மாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அயலில் ஒரு அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னா: “கையால கறந்தா அசையாமல் நிக்குது தம்பி, மெசினைப் போட்டா உதைச்சுத் தள்ளுது. சத்தத்துக்குப் பயம் போல.” சத்தம் என்றால் மோட்டரைத் தூரத்தில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் மோட்டர் ஓடும்போது அந்த மாடு இரும்புத் தொட்டியில் தண்ணீரும் குடிக்கவில்லை. நாக்கை வைத்துவிட்டு இழுத்துக்கொண்டது. மின்சாரம் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்து தொட்டிக்கும் ஈரச் சீமெந்துத் தரைக்கும் இடையே மீற்றரை வைத்துப் பார்த்தோம். மோட்டர் நின்றால் ஒன்றும் இல்லை, ஓடினால் சின்ன மின்னழுத்தம் காட்டியது. எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தது. செருப்புப் போட்ட எங்களுக்கு அது தெரியாது. ஈரத் தரையில் நாலு காலையும் ஊன்றி நிற்கிற மாட்டுக்கு ஒரு வோல்ற்றை ஒட்டிய அளவே தெரிந்துவிடும். எர்த் திருத்திய பிறகு அந்த மாடு படிப்படியாக அமைதியானது. மெசின் வைத்திருப்பவர்கள் எல்லாரும் எர்த்தைப் பார்ப்பியுங்கோ, மின்சாரம் கசிந்தால் தானாக நிறுத்துகிற ரிப் சுவிச்சும் போடுங்கோ. இன்றைக்கு மாட்டைச் சுண்டுகிற மின்சாரம் நாளைக்கு ஆளைக் கொல்லலாம். டென்மார்க்கிலும் ஒரு மாடு பெட்டிக்குள் வர மறுத்தால், காம்புப் புண், கால் நோவு, இலையானோடு இதையும் சேர்த்துத்தான் தேடுவோம். கால் நொந்த மாடு பாரத்தை மாற்றி மாற்றி நிற்கும். கை அதன் காம்பைத் துரத்திக்கொண்டே இருக்கும்.

கப்புக்குள் இருக்கிற ரப்பர் லைனரைப் பெரும்பாலும் 2,500 கறவைக்கு ஒருக்கா மாற்றச் சொல்வார்கள். 6 மாட்டை நாளுக்கு இரண்டு தரம் ஒரே கப் தொகுதியால் கறந்தால் 12 கறவை. ஏறத்தாழ 7 மாதத்தில் 2,500 வந்துவிடும். கணக்கு 7 மாதம் என்றாலும் நான் 6 மாதத்தில் மாற்றுகிறேன். ரப்பருக்கு வயதும் உண்டு. கழுவி வெயிலில் காயப்போட்டால் இன்னும் கெதியாக வெடிக்கும், நிழலில் தொங்கவிடுங்கோ. உள்ளே விரலை விட்டுப் பார்த்துச் சொரசொரத்தால் நாள் பார்க்காமல் மாற்றுங்கோ. வாளி மெசின்களில் வெற்றிட அழுத்தம் பெரும்பாலும் 40 முதல் 50 கிலோபாஸ்கலுக்குள் இருக்கும். உங்கள் மெசினுக்குச் சொன்ன அளவில் முள் அசையாமல் நிற்க வேண்டும். கெதியாகக் கறக்கட்டும் என்று கூட்டிவிடுவது காம்பைக் கெடுக்கும். ரப்பரை மாறி மாறி அழுத்தி விடுகிற பல்சேற்றரின் துடிப்பு நிமிடத்துக்கு 60ஐ ஒட்டி இருக்க வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துக் காதால் எண்ணலாம்.

மடிவீக்க நோயை, அதாவது மடி அழற்சியை, ரொபோ கண்டுபிடிப்பது பாலின் மின்கடத்துதிறனை வைத்து. நோய் வந்தால் பாலில் உப்பு கூடும், கடத்துதிறன் ஏறும். ஆனால் மாட்டுக்கு மாடு இயல்பான அளவே வேறு. அதனால் அதே மாட்டின் நாலு காம்பையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிடும்போதுதான் தகவல் பயன்படும். இங்கே உணரி இல்லை, ஒப்பிடுகிற வழி இருக்கிறது. கறுத்தக் கிண்ணத்தில் ஒவ்வொரு காம்பின் முதல் பீரையும் தனித்தனியாகப் பாருங்கோ. மாதம் ஒருக்கா, அரை லீற்றர் தண்ணீரில் ஏறத்தாழ 15 கிராம் உடுப்புத் தோய்க்கிற பவுடரைக் கரைத்து, அதே அளவு பாலோடு நாலு சின்னக் கிண்ணங்களில் கலந்து சுழற்றுங்கோ. எந்தக் கிண்ணம் சளி மாதிரித் தடிக்கிறதோ அந்தக் காம்பில் அழற்சி தொடங்கியிருக்கிறது. அந்தப் பாலை ஊற்றிவிட்டு மிருக வைத்தியரிடம் சொல்லுங்கோ. கறந்து முடிந்ததும் காம்புகளை அதற்குரிய மருந்தில் தோய்த்து, மாடு படுக்காமல் இருக்கத் தீன் வையுங்கோ. காம்புத் துவாரம் மூட அரை மணியாவது வேண்டும்.

பால் அளவிலும் துல்லியம் வேண்டும். ரொபோப் பண்ணையில் ஒவ்வொரு கறவையின் அளவையும் கூட்டி, தாங்கியில் இருந்து எடுத்த பாலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். விலகினால் மானியைத் திருத்துவோம். பாலின் அடர்த்தி 1.03ஐ ஒட்டியது. 100 லீற்றர் பால் ஏறத்தாழ 103 கிலோ. வீட்டில் தராசில் நிறுத்துவிட்டுப் பால் சேகரிக்கிற இடத்தில் லீற்றரில் கொடுத்தால் வித்தியாசம் வரும். அதை வைத்து ஒருவரை ஒருவர் சந்தேகிக்கக்கூடாது. அளவு ஒன்றாக இருக்கட்டும்.

வன்னிக்கு ரொபோ வருமா என்று தம்பி கேட்டதற்கு என் கருத்து இதுதான். 60 கறவை மாட்டுக்குத் தீனும், நிற்காத மின்சாரமும், கூப்பிட்டால் உடனே வருகிற திருத்துநரும் உள்ள இடத்தில்தான் அது தன் செலவை எடுக்கும். மேய்ச்சல் தரைக்கே அல்லாடி, காலபோகம் விதைத்ததும் பட்டியை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் நிற்கிற எங்களுக்கு, முதலில் வேண்டியது புல்லும் தண்ணீரும் நிழலும். ஆனால் சின்ன உணரிகள் வேண்டும். கப் வழுகியதைச் சொல்கிற ஒன்று, காம்பு காம்பாகக் கடத்துதிறனைக் காட்டுகிற ஒன்று, மோட்டர் ஓடும்போது தரையில் மின்சாரம் கசிந்தால் எச்சரிக்கிற ஒன்று. இவற்றை அறிவியல் நகரில் படிக்கிற பிள்ளைகளால் செய்ய முடியும் என்று நான் முழுதாக நம்புகிறேன்.

தம்பி கைதான் செய்யப் போகிறார் என்றால், எங்கட மாடுகளின் மடியை அளந்து தொடங்கச் சொன்னேன். காம்பின் நீளம், தடிப்பு, பின்காம்புகளுக்கு இடையிலான தூரம், நிலத்தில் இருந்து மடியின் உயரம், இவை ஒவ்வொன்றும் கறக்க முன்னும் கறந்த பின்னும். சிந்திக் கலப்பு, சாகிவால் கலப்பு, ஜேர்சிக் கலப்பு என்று பிரித்து, கன்று போட்ட மாதத்தையும் சேர்த்து எழுத வேண்டும். மெசின் வாங்க யோசிப்பவர்களுக்கும் அந்த அளவுகள் உதவும். கடைக்குப் போகும்போது காம்பின் அளவைக் கொண்டுபோய், அதற்குப் பொருந்துகிற லைனர் இருக்கிறதா, மாற்று லைனர் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு விலையைக் கேளுங்கோ.